ஒல்லியான உடம்பில் அழற்சி: முதலில் சாப்பாடு, அப்புறம் பளு, கடைசியில்தான் மூலிகை

உடம்பில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) கூடியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் எடையைக் குறைக்கச் சொல்வார்கள். அடுத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுப் பார், வியர்க்க வியர்க்க ஓடு, கிரீன் டீ குடி என்பார்கள். இதெல்லாம் பொய்யான அறிவுரை இல்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது, அதனால் எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் அழற்சியும் இறங்கும். ஆனால் என் உயரம் 158 செ.மீ., எடை 42 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 17-க்கும் கீழே. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 18.5 என்ற கோட்டைத் தொடவே எனக்கு 46 கிலோவுக்கு மேல் வேண்டும். என்னிடம் போய் எதைக் குறைக்கச் சொல்வது?

என்னைப் போன்ற உடம்புள்ள பெண்களுக்கு இந்த விஷயத்தில் யாரும் தனியாக வழி சொல்வதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். "உனக்கென்ன, நல்லா ஸ்லிம்மா இருக்கே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் நான் போன வழியை விவரமாக எழுதுகிறேன்.

காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் இறுகிப்போய் இருக்கும். புட்டி மூடியைத் திருக முடியாது, துணி பிழிய முடியாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை நடுங்கும். சளி பிடித்தால் வீட்டில் எல்லாருக்கும் சரியாகி வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விடும். ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கேயாவது அழற்சி நடந்தால் அதன் அளவு ஏறும், ஆனால் எங்கே நடக்கிறது என்று அது சொல்லாது. துல்லியமான சிஆர்பி பரிசோதனையில் 1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சல், தொற்று மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், அது அடங்கியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

என் டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது. "ஒல்லியா இருக்கறவங்களுக்கு சிஆர்பி ஏறியிருந்தா, எப்படி இறக்கறதுன்னு அப்புறம் பார்க்கலாம்மா. ஏன் ஏறிச்சுன்னு முதல்ல பார்ப்போம்." எடை குறைவும் அழற்சியும் சேர்ந்து வரும்போது இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பது அவர் எண்ணம். தைராய்டு, சர்க்கரை, காசநோய், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், குடல் அழற்சி, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிஆர்பியைத் தானாகவே ஏற்றிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் விஷயத்தில் இரண்டு காரணங்கள் பிடிபட்டன. ஒன்று, ஈறு. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை நான் நோயாகவே நினைத்ததில்லை. ஆனால் நாள்பட்ட ஈறு நோய் உடம்பு முழுக்க அழற்சி அளவை ஏற்றக்கூடியது. இன்னொன்று, இரும்புச்சத்துக் குறைவு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சி இருந்தால் தானும் ஏறிவிடும். அதனால் பார்க்க இயல்பாகத் தெரியும். ஆரோக்கியமான பெண்ணுக்கு 15-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அழற்சி இருக்கும்போது அதே எல்லை 70. எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது. சிஆர்பியைச் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால் 'இரும்பு நார்மல்' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, குடல் இரும்பை உள்ளே விடாமல் தடுத்துவிடும். சோர்வு, பசியின்மை, இன்னும் கொஞ்சம் எடை இழப்பு என்று அது ஒரு வட்டமாகவே சுற்றும். பல் மருத்துவர் ஈறைச் சுத்தம் செய்தார், இரும்பு மாத்திரை ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்சே வந்தது.

ஏன் பளுப்பயிற்சி? நடப்பதும் ஓடுவதும் போதாதா என்று நானும் கேட்டேன். தசை என்பது எலும்பை அசைக்க மட்டும் இருக்கும் பொருள் இல்லை. சுருங்கி விரியும்போது அது பல பொருட்களை ரத்தத்தில் கலக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் இவற்றை மையோகைன்கள் என்றார். அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. இதே இன்டர்லூக்கின்-6தான் தொற்றின்போது அழற்சியைத் தூண்டுகிறது, சிஆர்பியைச் சுரக்கச் சொல்லிக் கல்லீரலுக்கு உத்தரவு கொடுக்கிறது. ஆனால் வேலை செய்யும் தசையிலிருந்து சில மணி நேரத்துக்கு மட்டும் அது வெளிவரும்போது, பின்னாலேயே இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் பொருட்களை அழைத்து வருகிறது. நாள் முழுக்கக் குறைந்த அளவில் கசிந்துகொண்டே இருப்பதற்கும், வேலை செய்தபோது மட்டும் ஏறி இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எடை கூடியவருக்கு உடற்பயிற்சியால் வரும் பலனில் பெரும்பங்கு கொழுப்பு கரைவதால் வருகிறது. எங்களுக்கு அந்த வழி இல்லை. தசையைச் சேர்ப்பதுதான் வழி. ஓட்டம் எங்களிடம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் கலோரியைத்தான் தின்னும்.

ஆனால் சாப்பாடு கூடாமல் பளு தூக்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. உடற்பயிற்சிக்குச் செலவானது போக, உடம்பின் மற்ற வேலைகளுக்கு மிச்சம் இருக்கும் ஆற்றல், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கினால் மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் தடுமாற ஆரம்பிக்கும். என் உடம்பில் கொழுப்பு நீங்கினால் சுமார் 34 கிலோ. அப்படியானால் அந்த எல்லை 1,020 கலோரி. பசியே எடுக்காத ஒரு நாளில் அந்த எல்லைக்குக் கீழே போவது எனக்குச் சுலபம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ஒரு தனிப் பெயரே கொடுத்து, எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை என்று எல்லாவற்றையும் அது கெடுக்கும் என்று எச்சரித்தது. அது விளையாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதில்லை.

அதனால் முதல் சில வாரங்கள் ஜிம் பக்கமே போகாமல் சாப்பாட்டை மட்டும் ஏற்றினேன். செலவாவதை விட நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதல் என்பது இலக்கு. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடு என்று சொல்வது எங்களுக்கு உதவாது, சீக்கிரமே வயிறு நிறைந்துவிடும். எனக்கு வழி கொடுத்தது மூன்று பழக்கங்கள்தான்: சாப்பாட்டுக்கு முன் தண்ணீரும் டீயும் குடிப்பதை நிறுத்தியது, எதைச் சாப்பிட்டாலும் ஒரு ஸ்பூன் எண்ணெயோ ஒரு பிடி கொட்டைகளோ சேர்த்தது, மெல்ல முடியாத நேரத்தில் பால் குடித்தது. புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரை போகலாம், எனக்கு அது சுமார் 67 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8 கிராம் என்று கணக்குப் பார்த்தால், அது நினைத்தவுடன் வந்துவிடும் அளவில்லை என்பது புரியும். பிஎம்ஐ 16-க்கும் கீழே இருப்பவர்களும், நிறைய நாள் சரியாகவே சாப்பிடாதவர்களும் இந்த ஏற்றத்தைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. திடீரென்று சாப்பாடு கூடினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் வரை பாதிக்கலாம். அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டிய விஷயம். எடை ஏறுவதைப் பார்த்தால் பயம் வருகிறது, சாப்பிட்டபின் குற்ற உணர்வு வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு உதவி கிடைக்கும்வரை பளு காத்திருக்கலாம்.

சரி, ஜிம்முக்கு வருவோம். அங்கே இருக்கும் பொருட்கள் எல்லாம் எங்களைவிடப் பெரிய உடம்புக்குச் செய்தவை. வழக்கமான இரும்புக் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. என் எடையில் கிட்டத்தட்டப் பாதி. அதைத் தோளில் வைத்தால் சதை இல்லாத இடத்தில் நேராக எலும்பில் உட்காரும். மெஷினில் இருக்கும் மிகச் சிறிய எடையே எனக்கு அதிகம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் முதுகெலும்புக் கணுக்கள் ஒவ்வொன்றும் தரையில் உரசி, மறுநாள் தோல் சிவந்திருந்தது. மெல்லிய யோகா விரிப்பு போதாது. போர்வையை நாலாக மடித்துக் கீழே போட்டபிறகுதான் அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண். முதல் நாளே கம்பியைக் கையில் கொடுக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. எழுந்திருங்க. கையை ஊணாதீங்க." அவ்வளவுதான். எட்டாவது முறை எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாகச் சாய்ந்தன. "முட்டி உள்ள போகுது பாருங்க, அங்கேயே நிறுத்திடுங்க. அடுத்த தடவை ஒம்போது" என்றார். அந்த ஒரு விதியைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு நிற்கும் நிலை கலையும் இடத்துக்கு ஒன்றிரண்டு முறை முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். தசை வளர அது போதும். நொந்து படுத்து, மறுநாள் சாப்பாடு இறங்காமல் போகும் அளவுக்குச் செய்வது எடை குறைந்தவர்களுக்கு நஷ்டம்.

நாற்காலி ஸ்குவாட், சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப், டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ரோ, இடுப்பை மடித்து எடை தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்குவது. வாரத்தில் இரண்டு நாள், கொஞ்சம் பழகியபின் மூன்று நாள், இடையில் கட்டாயம் ஒரு நாள் ஓய்வு. ஒரு செட்டில் 8 முதல் 12 முறை. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் நிற்காமல் செய்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம், அவர்கள் கலோரியைக் கரைக்க வந்தவர்கள், நாம் சேர்க்க வந்தவர்கள்.

எடையை ஏற்றும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடவைக்கு 2 முதல் 10 சதவீதம் ஏற்றினால் போதும் என்பது பொதுவான வழிகாட்டல். 20 கிலோ தூக்குபவர் 1 கிலோ சேர்த்தால் அது 5 சதவீதம். நான் 2 கிலோ டம்பெல்லிலிருந்து 3 கிலோவுக்குப் போனால் ஒரேயடியாக 50 சதவீதம்! தோள்பட்டை வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் 2 கிலோவிலேயே 12 முறை, 15 முறை என்று கூட்டிக்கொண்டு போய், அதற்குப்பின் 3 கிலோவில் 6 முறையிலிருந்து தொடங்கினேன். ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்ற ரப்பர் பட்டை இந்த இடைவெளியை நிரப்ப நல்ல துணை, பிடியைச் சற்றுக் குட்டையாக்கினாலே கொஞ்சம் கனம் கூடும். ஒரு சின்ன நோட்டில் எடையும் முறையும் எழுதி வைத்தேன். கண்ணாடியில் மாற்றம் தெரிய வெகு நாள் ஆகும். நோட்டில் சீக்கிரம் தெரியும்.

பயிற்சி தொடங்கிய புதிதில் உடம்பு வலி ஒன்று முதல் மூன்று நாள் வரை இருக்கும். அந்த நாட்களில் சிஆர்பி பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள், தசையின் சின்னச் சின்னச் சிதைவு காரணமாகவே அளவு ஏறிக் காட்டலாம். கனமான பயிற்சிக்குப் பின் சில நாள் விட்டு, சளி காய்ச்சல் இல்லாத நேரத்தில், மாதவிடாய்ச் சுழற்சியின் ஏறக்குறைய அதே கட்டத்தில் எடுத்தால்தான் பழைய அளவோடு ஒப்பிட முடியும். இன்னொன்று, பயிற்சிக்குப் பின் வரும் அந்தச் சின்ன அழற்சி தேவையானது. தசைக்கு 'இங்கே கட்டு' என்று செய்தி கொடுப்பதில் அதற்கும் பங்குண்டு. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் சாப்பிட்டவர்களுக்கு உடற்பயிற்சியின் பலன் சிலது மழுங்கிப்போனதை 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அழற்சி என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாவற்றையும் அமுக்கப் பார்க்கக் கூடாது.

மூலிகைக்கு இப்போதுதான் வருகிறேன், வேண்டுமென்றேதான். பெரும்பாலானோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் பளுப்பயிற்சி பழகி, எடை ஏற ஆரம்பித்த பிறகு டாக்டரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவர் வைத்த நிபந்தனைகள்: ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, ஆரம்பிக்கும் தேதியும் நிறுத்தும் தேதியும் முன்பே எழுதி வைக்க வேண்டும், தொடங்குமுன்னும் நடுவிலும் கல்லீரல் பரிசோதனை.

முதலில் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது, அதிலும் குடல் உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். மிளகில் இருக்கும் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு ஏறியதாக 1998-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதனால்தான் இப்போது மாத்திரைகளில் இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. கல்லீரல் மருந்துகளைக் கழிக்கும் வேகத்தையே அது குறைப்பதால், சாப்பிடும் வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். குர்குமின் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் இருப்பவர்கள் தொடக் கூடாது. எங்களுக்கு முக்கியமான விஷயம், குர்குமின் இரும்போடு பிணையக்கூடியது. இரும்பு மாத்திரையைக் காலையிலும் குர்குமினை இரவுச் சாப்பாட்டோடும் பிரித்து வைத்தேன்.

பலன்? விரல் இறுக்கம் குறைந்தது. ஆனால் ஈறு சரியானது, இரும்பு ஏறியது, எடை கூடியது, தசை வந்தது எல்லாம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. குறித்து வைத்த தேதியில் குர்குமினை நிறுத்தினேன், இறுக்கம் திரும்பி வரவில்லை. அதனால் மறுபடி வாங்கவில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி குறைவதாக ஆய்வுகள் உண்டு, அவர்கள் நிலை வேறு.

இஞ்சிப் பொடி எனக்கு வேறொரு இடத்தில் உதவியது. மாதவிடாயின் முதல் மூன்று நான்கு நாட்களில் நாளுக்கு 750 முதல் 2,000 மில்லிகிராம் வரை எடுத்தவர்களுக்கு வயிற்று வலி குறைந்ததைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அந்த நாட்களில் பயிற்சியையும் சாப்பாட்டையும் விடாமல் இருக்க முடிந்ததே எனக்குப் பெரிய லாபம். அஸ்வகந்தாவை டாக்டர் வேண்டாம் என்றார். தசை வலு கூடும் என்று ஆய்வுகள் இருந்தாலும், அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு அதனால் இன்னும் உருகும். கர்ப்பத்தில் அறவே கூடாது. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. கிரீன் டீ சாற்று மாத்திரையும் எங்களுக்கு ஆகாது. இரும்பைத் தடுப்பது ஒரு பக்கம். அதன் ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லியிருக்கிறது.

ஒல்லியான பெண்களைக் குறிவைத்தே ஒரு சரக்கு விற்கிறார்கள். 'மூலிகை வெயிட் கெயின் பவுடர்', ஒரே மாதத்தில் கன்னம் உப்பும், மூட்டு வலியும் பறந்துவிடும் என்பார்கள். எனக்கும் ஒருவர் கொண்டு வந்து நீட்டினார். டப்பாவில் மூலிகைப் பெயர்கள் வரிசையாக இருந்தன, எதற்கும் எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் ரகசியமாகக் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், முகத்தில் நீர் கோக்க வைக்கும், பசியைக் கிளப்பும். ஆக, பொடி வேலை செய்வது போலவே இருக்கும், சிஆர்பி கூட இறங்கும். உள்ளே தசை கரையும், எலும்பு மெலியும், எதிர்ப்புச் சக்தி விழும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது. ஆகவே கன உலோகச் சோதனை அறிக்கையை, அந்தத் தொகுதி (பேட்ச்) எண்ணுக்கே உரியதாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

இப்போது என் எடை 47-க்கு மேல், சிஆர்பி 2-க்குக் கீழே. வாரம் மூன்று நாள் பளு, மற்ற நாட்களில் நடை. மூலிகை என்று பார்த்தால் மாதத்தில் சில நாள் இஞ்சி மட்டும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், சில அறிகுறிகள் இருக்கும்போது மட்டும் பயிற்சியையும் மூலிகையையும் ஒத்திப்போட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்: முயற்சி இல்லாமலே எடை இறங்கிக்கொண்டே போவது, இரவில் துணி நனையும் அளவு வியர்ப்பது, விடாத காய்ச்சல் அல்லது இருமல், மலத்தில் ரத்தம், மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்குவது, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது. மூலிகை மாத்திரை எடுக்கும்போது கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால், இரண்டு வாரம் முன்பே இந்த மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 'இது வெறும் மூலிகைதானே' என்று அவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.